கீச்சானுக்கு வாய்ச்ச தாய்மாமன்

கண்ணு முழிச்சிருக்கவுக மட்டும் 'உம்' கொட்டுங்க. வீடே இல்லாம, செம்மணலும் உடமரமுமா கெடந்த ஒரு தேரிக்காட்டுல, ஒரு காலத்துல ஒரு கீச்சான் குருவி இருந்தானாம்.

பாத்தா கைக்குள்ள அடங்குற குருவி. கண்ணு மேல களவாணி துணி கட்டுன மாதிரி ஒரு கருப்புப் பட்டை. மூக்கு இருக்கே, பருந்து மூக்கு! ஆனா காலு வெறும் குருவிக்காலு. புடிச்ச இரையை மிதிச்சுக் கிழிக்கத் தெம்பு கெடையாது. அதனால உடமுள்ளுல குத்தி மாட்டி, பிச்சுப் பிச்சுத் திம்பான். மிச்சத்தை அங்கனயே தொங்கவிட்டுருவான். சீச்சின்னு சொல்லாதட்டி, நம்ம வீட்டுல கருவாடு தொங்கலையா?

பக்கத்துத் தேரியில மூக்காயின்னு ஒரு பொண்ணு கீச்சான். அவ மேல இவனுக்கு உசுரு. அவ அப்பன் சொல்லிட்டாரு: "வெள்ளிக்கிழமை வீடு பாக்க வாரோம். முள்ளு நெறையச் சாமான் தொங்கணும். வெறும் முள்ளா இருந்துச்சுன்னா, ஓடைக்கரைக் கீச்சானுக்குக் கட்டிக் குடுத்துருவேன்."

கீச்சான் வெட்டுக்கிளியைக் குத்தி வச்சுட்டுப் போனான், திரும்பி வந்தா முள்ளு காலி. ஓணானைக் குத்தி வச்சுட்டுப் போனான், திரும்பி வந்தா முள்ளு காலி. சுண்டெலியைக் குத்தி வச்சுட்டு, போற மாதிரிப் போயிட்டுப் பட்டுன்னு திரும்பினான். அங்க யாரு? அண்டங்காக்கா கருவாண்டி! வாயில எலிவாலு ஆடுது!

"ஏல திருட்டுப் பயலே!"

கருவாண்டி வாலை லபக்குன்னு முழுங்கிட்டு, "என்ன மருமவனே, மரியாதை இல்லாம? நான் உனக்குத் தாய்மாமன் முறைல்லா! செத்துப்போன உங்கம்மா எனக்குத் தங்கச்சி. மாமன் வந்தா ஒரு வாய் சோறு போட மாட்டியா?"ன்னு கேட்டான். பொய்யி! பச்சைப் பொய்யி! சொல்லும்போதே எனக்குப் பத்திக்கிட்டு வருது. காக்காவும் கீச்சானும் எந்த ஊருல சம்பந்தம் பண்ணிச்சு?

ஆனா கீச்சான் வெகுளில்லா, குதிக்க ஆரம்பிச்சுட்டான். "எனக்குத் தாய்மாமன் இருக்காரு! நான் அநாதை இல்ல!"ன்னு காடு பூரா பறந்தான். அவனுக்கு எல்லாப் பறவைக் குரலும் வரும். வெள்ளிக்கிழமை விருந்துக்குக் கவுதாரிக் குரல்ல கவுதாரியக் கூப்பிட்டான், மைனாக் குரல்ல மைனாவைக் கூப்பிட்டான், காக்காக் குரல்ல கருவாண்டியோட சொந்தபந்தம் அம்புட்டையும் கூப்பிட்டான். கூப்பிட்ட சந்தோஷத்துல வேட்டைக்குப் போகவே மறந்துட்டான், மடையன்!

வெள்ளிக்கிழமை வந்துட்டு. கருவாண்டி விருந்து திங்க முன்வரிசையில நெஞ்சை நிமித்தி உக்காந்துட்டான். மூக்காயி மரத்தைப் பாத்தா, வெறும் முள்ளு. அவ கண்ணு கலங்கிட்டு. அப்பன் கெளம்ப ரெக்கையை விரிச்சாரு.

கீச்சான் குறுக்க பாஞ்சான். "மாமா, நில்லுங்க! தொங்குனதையெல்லாம் என் தாய்மாமன் சாப்பிட்டுட்டாரு. அவருதான இன்னைக்குச் சீரு எறக்கணும்!"

"சீரா? நானா?"ன்னு கருவாண்டி ரெண்டு எட்டு பின்னால தத்துனான்.

"நீரு தாய்மாமனா, இல்லையா வே?"ன்னு மூக்காயி அப்பன் கேட்டாரு.

இல்லைன்னு சொன்னா திருடன். ஆமான்னு சொன்னா சீரு. கருவாண்டி முழிச்ச முழியப் பாக்கணுமே! காக்காக் கூட்டம், "எங்க மானத்தை வாங்காதல! சீரைக் கொண்டுவால!"ன்னு தலையில கொத்திச்சு.

ஓடுனான். வெட்டுக்கிளி கொண்டாந்தான், "பத்தாது மாமா!" ஓணான் கொண்டாந்தான், "பத்தாது மாமா!" சுண்டெலி கொண்டாந்தான், "இன்னும் பத்தாது மாமா!" அதையும் முள்ளுல மாட்டத் தெரியல. இரைக்கு ஒரு குத்து, தனக்கு மூணு குத்து. முதுகுல, தொடையில, அப்புறம் பின்னால... ஏல சிரிக்காதிய, எனக்கும் வருது! பொழுது சாயுறதுக்குள்ள மரம் பூராச் சாமான். மூக்காயி வந்து கீச்சானை ஒட்டி உக்காந்துட்டா.

இப்பவும் தேரிப்பக்கம் போனியன்னா பாருங்க. கூட்டுப்பக்கம் காக்கா வந்தா, கீச்சான் கத்திக்கிட்டே வெரட்டும். என்னன்னு கத்துதுன்னு நெனைக்கிய? "பிள்ளைக்குக் காதுகுத்து மாமா, சீரு எங்க?" முறைப்படி அது மூக்காயி அண்ணன்தான் செய்யணும். ஆனா ஒரு தடவை மாட்டுனவனை விடுவாகளா? காக்கா திரும்பிப் பாக்காம பறந்துரும்.

ஓசிச் சோத்துக்கு மாமன்னு சொன்னவன் சீருக்கும் மாமன்தான். கதை தேரிக்குப் பறந்து போச்சு, பிள்ளைக கண்ணு மூடிப் போச்சு.