ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்

பாளையங்கோட்டையில் ஒரு மென்பொருள் நிறுவனம். அங்கே நூர்ஜஹானைக் குரு என்பார்கள். முதலில் கிண்டலாகச் சொன்னார்கள், பிறகு பழகிவிட்டது.

அவரிடம் தொழில் கற்ற சேவியரும் கோமதிநாயகமும் ஒரு ரத்த வங்கிக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தார்கள். நிரலில் ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் பெயர் வைக்க வேண்டும். சேவியர் இரண்டு சொற்களை ஒட்டி, இரண்டாவதைப் பெரிய எழுத்தில் தொடங்குவார். கோமதிநாயகம் எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் எழுதி நடுவே அடிக்கோடு போடுவார். கம்ப்யூட்டருக்கு இவை வெவ்வேறு பெயர்கள். ஓர் எழுத்து பெரியதிலிருந்து சிறியதானாலே, அப்படி யாரையும் தெரியாது என்றுவிடும்.

காலையில் முதலில் வருகிறவர், மற்றவர் வைத்த பெயர்களைத் தன் வழக்கத்துக்கு மாற்றுவார். மற்றவர் வந்ததும் திருப்பி மாற்றுவார். சில பெயர்கள் தப்பிவிடும். புதன்கிழமை சோதனையில், இருப்பில் உள்ள ரத்தத்தை இல்லை என்றது நிரல். வெள்ளிக்கிழமை அதை ஒப்படைக்க வேண்டும்.

இருவரும் குருவிடம் போனார்கள். எது சரியான வழக்கம் என்று கேட்டார் சேவியர்.

"இவன் வைக்கிற பேரெல்லாம் ஒட்டகம் மாதிரி திமிலோட நிக்குது மேடம்," என்றார் கோமதிநாயகம்.

"இவன் பேருக்கு நடுவுல பள்ளம் தோண்டுறான். அதுக்கு இது தேவலை."

குரு இரண்டையும் படித்துப் பார்த்தார்.

"நாளைக்கு ஒருநாள், சேவியர், நீங்க கோமதிநாயகம் மாதிரி எழுதுங்க. கோமதிநாயகம், நீங்க சேவியர் மாதிரி."

விளையாடுகிறார் என்று நினைத்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை இருவர் விரல்களும் தடுமாறின. எண் வந்தால் அதற்கு முன்னும் அடிக்கோடு உண்டா என்று சேவியர் கேட்டார். கோமதிநாயகம் வெகுநேரம் யோசித்தார். அவருக்கே தெரியவில்லை. அன்று ஒருவர் எழுதியதை மற்றவர் தொடவில்லை. தொட்டுத் திருத்த நினைத்தால், எதிரே இருந்தது அவரவர் வழக்கமே.

மாலையில் மறுபடி வந்தார்கள்.

"இப்பவும் ரெண்டு விதமாத்தானே மேடம் இருக்கு?" என்றார் சேவியர்.

"ஒண்ணாக்கிடுங்க. யாரோடத வச்சுக்கலாம்?"

சேவியர் தன்னுடையது என்று சொல்ல வாயெடுத்தார். அப்படியானால் இன்று முழுக்கத் தான் எழுதியதைத் தானே மாற்ற வேண்டும். கோமதிநாயகத்துக்கும் அதே கணக்கு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எதுன்னாலும் சரி மேடம்," என்றார் கோமதிநாயகம். "ஒண்ணா இருந்தாப் போதும்."

"இதைத்தான் கம்ப்யூட்டரும் நேத்திலிருந்து சொல்லிக்கிட்டிருக்கு," என்றார் குரு.