வழுக்காத பாதை

பனி கொட்டும் மலைக்காடு ஒன்றில் ஒரு குளம் இருந்தது, குழந்தைகளே. தண்ணீர் வந்து சேர வழி உண்டு. வெளியே போக வழி கிடையாது. அப்படிப்பட்ட குளம். அக்கம்பக்கத்தில் வேறு தண்ணீர் இல்லாததால் எல்லா விலங்குகளும் ஒரே சரிவுப் பாதையில் இறங்கி அங்கேதான் குடித்தன.

மார்கழி பிறந்துவிட்டால் அந்தப் பாதையில் பனி இறுகிப்போகும். போன வருஷம் பூம்புள்ளி என்ற மானின் குட்டி அதில் சறுக்கி விழுந்து முன்னங்காலை ஒடித்துக்கொண்டது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் நொண்டல் தங்கிவிட்டது. குட்டி பின்தங்கும்போதெல்லாம் பூம்புள்ளி தன் நடையைக் குறைத்துக்கொள்ளும்.

இந்த வருஷம் கரடி ஒரு வழி கண்டுபிடித்தது. மேட்டில் இருந்த உப்புப் பாறையை நகத்தால் உடைத்துப் பாதையில் தூவியது. இறுகிய பனி இளகி, நடக்க வசதியாகிவிட்டது. எல்லாரும் கூடிப் பேசி ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். தண்ணீர் குடிக்க இறங்குகிறவர் ஒவ்வொருவரும் ஓர் இலை நிறைய உப்பு கொண்டுவந்து பாதையில் கொட்ட வேண்டும். யார் கொட்டுகிறார், யார் ஏமாற்றுகிறார் என்று பார்க்கும் வேலையை நரி தானாகவே எடுத்துக்கொண்டது. பார்க்கிறவர் சுமக்க வேண்டியதில்லை அல்லவா?

வேடிக்கையைக் கேளுங்கள். பனியும் வெள்ளை, உப்பும் வெள்ளை. முன்னால் போனவர் கொட்டினாரா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் கரடி கொட்டிய இடத்திலேயே காட்டெருமையும் கொட்டியது. காட்டெருமை கொட்டிய இடத்திலேயே பூம்புள்ளியும் கொட்டியது.

ஒரு காலை, பனிக்காலம் முழுக்கக் குளத்தடிச் சேற்றில் உறங்க வேண்டிய தவளை கண் சிவந்து கரையில் உட்கார்ந்திருந்தது.

"தூங்கலையா?" என்று கேட்டது மான்.

"எங்கே தூங்கறது, அக்கா? தோலெல்லாம் எரியுது. நீங்க கொட்டுறது எல்லாம் இங்கேதான் வந்து சேருது. பனி உருகி வெயில்ல போயிடும். உப்பு போகாது."

"என் பிள்ளை விழுந்தது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். கொட்டவே வேண்டாம்னு சொல்லலை. கண்ணுக்குத் தெரியாட்டி என்ன, உங்களுக்கு நாக்கு இருக்கு. நக்கிப் பாருங்க. கரிச்சா, அன்னைக்குக் கொட்டாதீங்க. பங்குனியில நானும் முட்டை போடணும், அக்கா."

மானுக்கு அது நியாயமாகப் பட்டது. மறுநாள் பாதையை நக்கிப் பார்த்தது. நாக்கு சுருண்டுவிடும் போலக் கரித்தது. கொண்டுவந்த இலையைப் பிரிக்காமல் ஓரமாக வைத்தது.

நரி வந்துவிட்டது. "என்ன பூம்புள்ளி, இலை பிரிக்காம இருக்கு?"

"நக்கிப் பார்த்தேன், நரியண்ணா. மூணு பேர் போட்ட உப்பு கிடக்கு. இது போதும்."

"போதுமா? சரி, போதும். இன்னைக்கு யாராவது விழுந்தா உன் பேரைச் சொல்லிடலாம்ல?"

அன்று யாரும் விழவில்லை. ஆனாலும் சாயங்காலத்துக்குள் பேச்சு காடு முழுக்கப் பரவியிருந்தது. "பெத்த பிள்ளை கால் ஒடிஞ்சவளே இப்படிச் செய்யலாமா?" என்று கரடி எல்லார் முன்னாலும் கேட்டது. பூம்புள்ளிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அடுத்த நாள் அது இரண்டு இலை உப்பு கொண்டுவந்தது.

தவளை கரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது. "நக்கிப் பார்த்தீங்களா, அக்கா?"

"பார்த்தேன்."

"கரிச்சுதா?"

"கரிச்சுது."

"அப்புறம் ஏன்?"

மான் தலையைத் திருப்பிக்கொண்டது. "குறைச்சா எல்லாரும் ஏசுவாங்க. கூட்டினா யாரும் ஏச மாட்டாங்க."

தவளை தண்ணீரைவிட்டு இன்னும் ஒரு தாவல் தள்ளிப் போய் உட்கார்ந்தது.

தை போயிற்று, மாசி போயிற்று. ஒவ்வொரு நாளும் இரண்டு இலை. நரி பூம்புள்ளியைப் பார்த்துத் தலையாட்டிப் பாராட்டியது. பங்குனியில் பனியெல்லாம் உருகிக் குளத்தில் இறங்கியது. தவளை முட்டையிட்டது. ஒன்றுகூடப் பொரியவில்லை, எல்லாம் வெளுத்து மிதந்தன. நான்கு நாள் அவற்றின் பக்கத்திலேயே இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் அது ஈரம் தேடி மலையேறிப் போனது. எங்கே போய்ச் சேர்ந்ததென்று யாரும் விசாரிக்கவில்லை.

சித்திரை வெயிலில் குளம் பாதியாக வற்றியது. பூம்புள்ளி குட்டியை அழைத்துக்கொண்டு வந்தது. பாதை காய்ந்து கெட்டியாக இருந்தது. நொண்டிக் காலோடு குட்டி ஓடியே இறங்கிவிட்டது. குனிந்து ஒரு வாய் குடித்தது. உடனே துப்பியது. தாகம் தாங்காமல் மறுபடி குடித்துவிட்டு இருமியது.

கரையில் கூட்டம் சேர்ந்திருந்தது. "யார் இவ்வளவு கொட்டினது?" என்று நரி அதட்டிக்கொண்டிருந்தது.

"நான் ஓர் இலைதான்," என்றது கரடி.

"நானும் ஓர் இலைதான்," என்றது காட்டெருமை.

பூம்புள்ளியால் அதைக்கூடச் சொல்ல முடியவில்லை.

"அம்மா, நாக்கு எரியுது. நல்ல தண்ணி எங்கே இருக்கு?" என்று கேட்டது குட்டி.

மான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பனிக்காலம் முழுவதும் அதில் ஒருவர்கூட விழவில்லை.

நீதி: போதும் என்று தெரிந்தும் பழிக்குப் பயந்து மேலும் கொட்டுகிறவர், அதைத் தன் பிள்ளைக்கே குடிக்கக் கொடுக்கிறார்.