வடை தின்ற வாக்கியம்

கூட்டிப் பெருக்குகிற இடத்தில் உட்கார்ந்து படிக்க ஒருத்திக்கு உரிமை கிடையாதா, நீங்களே சொல்லுங்கள்?

தொட்டியத்தில் தணிகாசலம் சார் நடத்திய இங்கிலீஷ் வகுப்பைக் கூட்டுகிறவள் சிட்டம்மா. "நானும் படிக்கிறேன் சார்" என்று கேட்டாள். சார் சிரித்தார்.

"நடந்து முடிஞ்ச ரெண்டு காரியத்துல முந்தி நடந்ததைச் சொல்றதுதான் பாஸ்ட் பெர்ஃபெக்ட். அதுல நாளைக்கு ஒரு வாக்கியம் சொல்லு. புத்தகத்துல இருக்கக் கூடாது, பொய்யாவும் இருக்கக் கூடாது. சொல்லிட்டா முன் பெஞ்சு உனக்கு!"

மறுநாள் சார் வந்தபோது, மேசையில் வழக்கமாக அவருக்கு மூடி வைத்திருக்கும் மெதுவடையைக் காணோம். வெறும் தட்டுதான் இருந்தது.

"எவன்டா என் வடையைத் தின்னது?"

சிட்டம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் வந்தாள். "பிஃபோர் யூ கேம், ஐ ஹேட் ஈட்டன் யுவர் வடை. நீங்க வர்றதுக்கு முந்தியே தின்னு முடிச்சுட்டேன் சார்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"திருட்டுக் கழுதை!"

"திருட்டுன்னா என் வாக்கியம் உண்மை. வாக்கியம் பொய்யின்னா நான் திருடவே இல்லை. எதுன்னு நீங்களே சொல்லுங்க சார்."

சார் வெறும் தட்டை ஓரமாக நகர்த்தினார். கடைசியில் பெஞ்சைக் கை காட்டினார்.

சிட்டம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன் வரிசைப் பெண்ணிடம் போனாள்.

"கொஞ்சம் நகர்ந்து உட்காரு தாயி."