கவர்னர் நாற்காலியில் உட்கார்ந்தது யார்?

கவர்னரின் நாற்காலி பாழாகிவிட்டது. துரை கோடைக்கு ஊட்டி போயிருந்த சமயம். அவர் இல்லாதபோது அதில் எவனும் உட்காரக்கூடாது என்பது உத்தரவு. திரும்பி வந்தவர் பிரம்புப் பின்னல் கிழிந்து தொங்குவதைப் பார்த்தார்.

"பங்கா இழுக்கிறவன் வேலை, துரை," என்றார் ஆபீஸ் சாவி வைத்திருந்த ஹெட் குமாஸ்தா கேசவராயர். "கண்ணாலே பார்த்தேன்."

அவனைப் பிடித்து வந்தார்கள். நாற்காலிக்கு மேலே தொங்கும் துணி விசிறிதான் பங்கா. வெளியே வராந்தாவில் உட்கார்ந்து அதன் கயிற்றை இழுப்பது அவன் பிழைப்பு. குற்றம் உறுதியானால் கசையடி. தோட்டத்துக் குடிசையும் போய்விடும். பெண்டாட்டிக்கோ நிறைமாதம். வாசலில் சிப்பாய் கசையோடு நின்றான்.

"உட்கார்ந்தாயா?" என்றார் தமிழ் தெரிந்த துரை.

"உட்கார்ந்தேன், எசமான். தினம் மத்தியானம். சும்மா சொல்லக்கூடாது, ராயர் ஐயா வெளியே உட்கார்ந்து கயிறு இழுத்தாரே, என்ன காத்து!"

ராயர் எகிறினார். "நானாடா? உனக்கு நான் விசிறுவேனா? வெளியே இருந்து இழுத்தவன் நீ! உள்ளே சாய்ந்துகொண்டு, கை ஓய்ந்தால் உன்னை அதட்டினவன் நான்!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார்.

துரை ராயரின் அகன்ற இடுப்பைப் பார்த்தார். சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அன்று மத்தியானமும் பங்கா ஆடியது. முதுகில் ஓர் அடிகூட விழாமல் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தவன் பெயர் எல்லப்பன்.