மந்திரி மைத்துனரின் வண்டி

முன்னொரு காலத்தில், ஒரே ஏரியை நம்பிப் பிழைத்த நாடு ஒன்று இருந்தது. அந்நாட்டு அரசருக்குத் திடீரென்று ஓர் ஆசை பிறந்தது. "ஏரி நீரைப் பங்கிடும் மணியக்காரரை ஊராரே தேர்ந்தெடுக்கட்டும். பிடித்தவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடட்டும்" என்றார்.

உழவர் தெருவிலிருந்து மாசிலான் நின்றான். நெசவாளர் தெருவிலிருந்து சாம்பன் நின்றான். மந்திரியின் மைத்துனன் மருதையனும் நின்றான். அவன் மணியம் பார்த்தால், கையூட்டு வாங்காமல் மதகைத் திறக்கவே மாட்டான் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் குடத்தைக் கவிழ்த்து எண்ணினால், அவனே ஜெயித்திருந்தான்!

"அரசே, இது ஊரின் விருப்பம் அல்ல" என்றான் அவை விகடன் மிளகன்.

மந்திரிக்கு அவனைக் கண்டாலே ஆகாது. "அப்படியானால் ஊரின் விருப்பத்தை மாலைக்குள் இவன் காட்டட்டும். யாரிடமும் ஒரு வார்த்தைகூடக் கேட்கக் கூடாது. தவறினால் நாடு கடத்துங்கள், மன்னா" என்றார். அரசரும் தலையசைத்தார்.

மிளகன் கடைத்தெருவில் மூன்று மாட்டு வண்டிகளை, ஊரை விட்டுக் கிளம்புவதுபோல், கோட்டை வாசல் பார்த்து நிறுத்தினான். அரச ஆணை என்று போட்டியிட்ட மூவரையும் மூட்டை முடிச்சோடு ஏற்றினான். பிறகு வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

கூட்டம் கூடியது. "எங்கப்பா கிளம்பிட்டே? இறங்கு கீழே!" என்று நெசவாளர்கள் சாம்பன் வண்டி மாடுகளை அவிழ்த்தார்கள். உழவர்கள் மாசிலானைத் தோளில் தூக்கி இறக்கினார்கள். மருதையன் வண்டியையோ கடைக்காரர்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். அது குடுகுடுவென்று வாசலைத் தாண்டி ஓடியது.

அரண்மனை மேல்மாடத்திலிருந்து இதையெல்லாம் பார்த்த அரசர் இறங்கி வந்தார். "வணிகர்களே, நீங்கள் மருதையனுக்குத்தானே ஓலை போட்டீர்கள்?"

"ஆமாங்க மகாராஜா. எப்படியும் மந்திரி மச்சான்தான் வருவாருன்னு நெனச்சோம். நாளைக்குக் கடை நடத்தணுமே!"

"எங்க ஆளு ஜெயிக்க மாட்டான், மருதையன் வந்துடுவான்னு பயந்து நாங்க மாசிலானுக்குப் போட்டோம்" என்றார் ஒரு நெசவாளர்.

"அடப்பாவி, அதே பயத்துல நாங்க உங்க சாம்பனுக்கில்ல போட்டோம்!" என்று அலறினார் ஓர் உழவர்.

"இவன் சூழ்ச்சி செய்தான்!" என்று மந்திரி கத்தினார்.

மிளகன் துண்டை அவிழ்த்தான். "நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லையே, ஐயா. வண்டி கட்டியதோடு சரி."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து மிளகனுக்குப் போர்த்தினார். மணியத்தை மாசிலானுக்கும் சாம்பனுக்கும் சேர்த்தே கொடுத்தார். அன்று பொழுது சாய்வதற்குள் மதகு திறந்தது. வயலுக்கும் சாயத் தொட்டிக்கும் தண்ணீர் பாய்ந்தது.