தரையில் படாத பாதம்

முன்னொரு காலத்தில், உச்சியில் முருகன் கோயில் கொண்ட ஒரு மலையின் அடிவாரத்தில் இருந்து ஓர் அரசர் ஆண்டுவந்தார். அவருக்குத் தாயில்லாத ஒரே மகள் உமையாள். நான்கு வயதில் முற்றத்தில் ஓடி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். பொட்டளவு ரத்தம்தான். அதைக் கண்டு பதறிய அரசர், "ஒன்பது வயது நிறையும்வரை என் மகளின் பாதம் தரையில் படக்கூடாது. இது முருகன் மேல் ஆணை" என்று சபையறியச் சொல்லிவிட்டார். அன்றுமுதல் அவளுக்கு மெத்தையை விட்டால் பல்லக்கு, பல்லக்கை விட்டால் மெத்தை.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அரசரின் பிள்ளை ஒன்பது வயது நிறையும் நாளில் அடிவாரச் சுனையில் குடம் நீர் மொண்டு, முந்நூறு படியும் தானே ஏறி, முருகனின் அபிஷேகத்துக்குத் தரவேண்டும். தராத பிள்ளைக்குப் பட்டம் இல்லை. ஆணையிட்ட அன்று அரசருக்கு இது நினைவுக்கு வரவில்லை. மூன்று மாதம் மீதி இருக்கும்போதுதான் வந்தது. உமையாளை மெத்தைமேல் எழுந்து நிற்கச் சொன்னார்கள். கால்கள் நடுங்கி மடிந்தன. ஆனால் குழந்தை அழவில்லை. "நான் மலை ஏறணும்" என்று மட்டும் சொன்னாள்.

அரசர் சபையில் கலங்கி உட்கார்ந்திருந்தபோது கார்மேகனார் எழுந்தார். விகடகவி தாண்டவராயனிடம் அரசர் சிரித்துப் பேசுவதைக் கண்டு நெடுநாளாகப் புழுங்கிக்கொண்டிருந்த ஆலோசகர் அவர்.

"அரசே, ஆணையும் நிலைக்க வேண்டும், இளவரசியும் மலை ஏற வேண்டும். அதற்குரிய அறிவு நம் தாண்டவராயனிடம்தான் உண்டு. முடியாவிட்டால் அவன் நாட்டை விட்டுப் போகட்டும்."

வேறு வழி தெரியாத அரசர் ஒப்புக்கொண்டார். தாண்டவராயன் வணங்கி எழுந்து, ஆணையை ஒருமுறை சொல்லுமாறு வேண்டினான்.

"ஒன்பது வயது நிறையும்வரை என் மகளின் பாதம் தரையில் படக்கூடாது."

"இதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லையே, அரசே?"

"இல்லை."

"அப்படியே நடக்கும்" என்றான் அவன்.

மறுநாள் காலையில் பல்லக்கு நந்தவனக் குளத்தின் கரையில் நின்றது. தோட்டக்காரரின் மகள் செவ்வந்தியும் அவள் தம்பிகளும் நீரில் இருந்தார்கள். பல்லக்குத் தூக்கிகள் இளவரசியை அப்படியே நீருக்குள் இறக்கினார்கள். செவ்வந்தி அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, "காலை உதைங்க, இளவரசி. தவளை மாதிரி" என்றாள். பத்து உதைக்கே உமையாளுக்கு மூச்சு வாங்கியது. "இன்னும் பத்து" என்றாள் அவளே.

ஒரு மாதம் குளம். பிறகு மாமரம். பல்லக்கின் கூரையிலிருந்தே தாழ்ந்த கிளையைப் பற்றி ஏறினாள். அடியில் ஆளுயரத்துக்கு வைக்கோல் பரப்பியிருந்தார்கள். விழுந்தாள், ஏறினாள், மறுபடி விழுந்தாள். செவ்வந்தியின் தம்பிகள் ஒருமுறைகூடக் கேலி செய்யவில்லை. கை நீட்டித் தூக்கிவிட்டார்கள். கடைசி மாதம் அவர்கள் ஒரு பரிசு கொடுத்தார்கள். இரண்டு கொட்டாங்குச்சிகளைத் துளையிட்டுக் கயிறு கோத்தது. அவற்றைக் கவிழ்த்து, மேலே ஏறி நின்று, கயிற்றைக் கையால் இழுத்துப் பிடித்தபடி நடக்க வேண்டும். உமையாள் குளத்தைச் சுற்றி டக் டக்கென்று நடந்தாள்.

கார்மேகனார் சும்மா இருப்பாரா? இளவரசியின் காலடித் தடத்தைப் பிடிக்க வைக்கோலைச் சுற்றித் தரையெங்கும் அரிசிமாவைத் தூவிவிட்டு, அரசரைக் கையோடு அழைத்துவந்தார். மாவில் வட்டவட்டமாகக் கொட்டாங்குச்சித் தடம் இருந்தது. அதைத் தவிர இருந்தது கார்மேகனாரின் பெரிய பாதங்கள் மட்டும்தான்.

அரசர் அதைப் பார்க்கவில்லை. மரத்தின் நடுக்கிளையில் இருந்த மகளைத்தான் பார்த்தார். முகம் வெளிறியது.

"உமையா, உடனே இறங்கு."

"எப்படி இறங்கறது அப்பா? தரையிலே பாதம் படக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அரசர் திரும்பி, விழுந்தால் என்ன ஆகும் என்று தாண்டவராயனைக் கேட்டார்.

"விழுவார், அரசே. நேற்று ஏழு முறை விழுந்தார். எட்டாவது முறை ஏறிவிட்டார். தங்கள் ஆணைக்கு ஒரு குறையும் வரவில்லை."

இளவரசி கிளை மாறிக் கிளை இறங்கி, காலுக்கு நேரே செவ்வந்தி வைத்த கொட்டாங்குச்சிகளில் நின்று, அப்பாவிடம் நடந்துவந்தாள். அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒன்பது வயது நிறைந்த நாளில் ஆணை முடிந்தது. உமையாள் ஐந்து வருடத்துக்குப் பின் மண்ணில் கால் வைத்தாள். குடத்தை இடுப்பில் ஏந்தி ஏறத் தொடங்கினாள். வழக்கப்படி அரசர் அவள் பின்னே நடந்தார். நூறாவது படியில் அவருக்கு மூச்சு இரைத்தது. கார்மேகனார் நாற்பதாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மகள் நின்று திரும்பினாள். "மெதுவா வாங்க அப்பா. முருகன் எங்கே போயிடப் போறார்?" என்று ஒரு கையை நீட்டினாள். மறுகையால் இடுப்பில் அணைத்த குடத்தில் ஒரு சொட்டும் சிந்தவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே அரசர் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அபிஷேகம் முடிந்ததும் அரசர் தம் பட்டுச் சால்வையைத் தாண்டவராயனுக்குப் போர்த்தி, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார். மாலைதோறும் நந்தவனக் கதவை ஊர்ப்பிள்ளைகள் எல்லாருக்கும் திறந்துவைக்க வேண்டும் என்றான் அவன். அரசர் இசைந்தார். பல்லக்குத் தூக்கிகளை அங்கே ஊஞ்சல் ஆட்டவும், கார்மேகனாரைப் பிள்ளைகளுக்குக் கொட்டாங்குச்சி துளைக்கவும் நியமித்தார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் ஒரு ஜோடி கொட்டாங்குச்சி கிடைக்குமா?" என்றார்.

தாண்டவராயன் அரசரின் வயிற்றைப் பணிவோடு பார்த்தான்.

"அது தாங்காது, அரசே. தங்கள் பாதம் தரையில் படக்கூடாது என்று யாரும் ஆணையிடவில்லையே. நடக்கலாம்."

அரசர் சிரித்த சிரிப்பில் கோயில் புறாக்கள் எழுந்து பறந்தன. இறங்கும்போது அவர் பல்லக்கைக் கேட்கவில்லை.