பாசிக்குளத்தின் முடியாத கூட்டம்

அந்தக் காலத்தில், எருமைக்குப் பேச்சும் ஆமைக்குப் பதவியும் இருந்த காலத்தில், பாசிக்குளத்துக்கு ஒரு கமிட்டி இருந்தது. மேல ஏரியிலிருந்து தண்ணீர் வரும் மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்று முடிவு செய்யவேண்டும். வேலை அவ்வளவுதான், சட்டம்தான் ஏகப்பட்டது. தலைவர் குளத்து நடுவில் இருக்கும் கல்மேல் ஏறினால் கூட்டம் ஆரம்பம், இறங்கினால் முடிவு. கூட்டம் நடக்கும்போது உறுப்பினர் ஒருவரை ஒருவர் தின்னக்கூடாது. இந்தச் சட்டம் மட்டும் இல்லையென்றால் கமிட்டியில் பாதிப்பேர் மீதிப்பேர் வயிற்றுக்குள் இருந்திருப்பார்கள்.

ஒரு கோடையில், பழைய தலைவரான முதலை, "இந்தத் தண்ணி என் வாலுக்கே பத்தாது" என்று சொல்லிவிட்டு ஆற்றுக்குக் குடிபோய்விட்டது. புதுத் தலைவர் பதவிக்கு எருமையும் நின்றது, கொக்கும் நின்றது. கொக்கு ஒற்றைக்காலில் நின்றது.

இதில் யாருக்கு அவசரமோ இல்லையோ, சிலம்பாயி என்ற தவளைக்கு அவசரம். அவள் பெற்ற தலைப்பிரட்டைகள் அத்தனையும் கல்லடியில் ஒரு குட்டையில் நெளிந்துகொண்டிருந்தன. குட்டையோ எருமைக் குளம்படி அளவுக்குச் சுருங்கிவிட்டது. வெயில் உச்சிக்கு வந்தால் அதுவும் இல்லை. அதற்குள் மடை திறந்தாகவேண்டும். மடைவாயில் நண்டுகள் கொடுக்கைத் தீட்டிக்கொண்டு தயாராக நின்றன. ஆனால் தலைவர் வாய் திறக்காமல் மடை திறக்காது.

கை தூக்கி ஓட்டு. காலும் சிறகும் கைக்கணக்கில் சேர்த்தி. எண்ணியது ஆமை. எருமைக்கு ஓட்டுக் கேட்டபோது, சேற்றுப் பிளவுக்குள் பதுங்கியிருந்த சிலம்பாயி ஒரு கையை வெளியே நீட்டினாள். எருமை நல்லவள், மிதித்தாலும் பார்த்து மிதிப்பாள். அடுத்துக் கொக்குக்கு ஓட்டுக் கேட்டபோது, கொக்கு பிளவையே உற்றுப் பார்த்தது. சிலம்பாயியின் இன்னொரு கை தானாக மேலே போய்விட்டது.

"ஏ புள்ள, ரெண்டு பக்கமுமா தூக்குவ?" என்றது ஆமை.

"கை ரெண்டு இருக்கே, தாத்தா!"

ஆமை யோசித்துப் பார்த்தது. இரண்டு கையைத் தூக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. எண்ணிக் கூட்டினால் இருவருக்கும் சரிசமம். "அப்ப ரெண்டு பேருமே தலைவர்தான்" என்று சொல்லிவிட்டது.

அங்கேதான் வில்லங்கம் பிடித்தது. இரண்டு பேரை என்னவென்று கூப்பிடுவது?

"ஒருத்தர் தலைவர், ஒருத்தர் துணைத் தலைவர்" என்றது ஆமை.

"யாரு துணை? நானா?" என்று எருமை மூச்சுவிட்டதில் ஆமை இரண்டு புரள் புரண்டது.

"சரி, முதல் தலைவர், ரெண்டாம் தலைவர்."

"ரெண்டாவதா வர்றதுக்கா நான் இம்மாம் நீளக் கழுத்து வச்சிருக்கேன்?" என்றது கொக்கு.

"பெரிய தலைவர், சின்னத் தலைவர்...?"

இரண்டும் ஒரே நேரத்தில் கத்தியதில் ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது. வெயில் ஏறியது. கல்லில் இடமும் ஒருவருக்குத்தான். எருமை முன்னங்காலை வைத்தால் கொக்கு சிறகை விரித்து மறித்தது. கொக்கு ஏறப் போனால் எருமை கொம்பால் நெட்டியது. கீழே குட்டையில் தண்ணீர் வற்றி, தலைப்பிரட்டைகளின் முதுகு வெளியே தெரிந்தது.

சிலம்பாயி பிளவிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தாள். கூட்டம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. இப்போது வெளியே வந்தால் கொக்குக்கு ஒரே வாய். அது தெரிந்தும் ஒரே எம்பாக எம்பிக் கல்லின்மேல், கொக்கின் அலகுக்கு நேர் கீழே, வந்து உட்கார்ந்தாள். கொக்கின் கழுத்து வளைந்தது.

"கொக்கண்ணே! முழுங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. உங்க ரெண்டு றெக்கையில எது தலைவர், எது துணை?"

கழுத்து பாதியில் நின்றது. இதுவரை யாரும் கேட்காத கேள்வி.

"எருமையக்கா, உங்க கொம்புல எது முதல், எது ரெண்டாவது?"

"ரெண்டும் ஒண்ணுதாண்டி."

"அதான் சங்கதி! ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. இணைத் தலைவர்! இவரும் இணைத் தலைவர், அவரும் இணைத் தலைவர். கல்லுல எடமில்லைன்னா என்ன, அக்கா முதுகுல பந்தியே போடலாம். அக்கா கல்லுல ஏறட்டும், அண்ணன் அக்கா மேல ஏறட்டும். ஆரம்பிங்க, என் புள்ளைங்க வேகுது!"

கல்லில் நிற்பவர்தானே உண்மையான தலைவர் என்று எருமை மனதுக்குள் சிரித்துக்கொண்டது. மேலே இருப்பவர்தானே உண்மையான தலைவர் என்று கொக்கும் சிரித்துக்கொண்டது. ஏறி நின்றார்கள். "திற!" என்று இரண்டு குரலும் சேர்ந்து ஒலித்தன. நண்டுகள் சேற்றை வாரி எறிய, மடையில் தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது. குட்டை நிறைந்தது. தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டிக்கொண்டு ஓடின.

ஆமை தலையை வெளியே நீட்டியது. "கூட்டம் முடிஞ்சுது. தலைவருங்க இறங்கலாம்."

கொக்கு ஒரு காலைத் தூக்கியது. கண் சிலம்பாயிமேல் இருந்தது. சட்டம் அவளுக்கும் சட்டென்று நினைவுக்கு வந்தது.

"அண்ணே, நீங்களா மொதல்ல இறங்குறீங்க? அப்ப கடைசி வரைக்கும் தலைவரா இருந்தது அக்காதான்னு ஊரே பேசும்."

கொக்கு காலை மடக்கிக்கொண்டது.

"அக்கா, நீங்க நகர்ந்தா அதே பேச்சு உங்களுக்குந்தான்."

எருமை ஆணி அடித்த மாதிரி நின்றது. தண்ணீர் ஏறிக் கல்லை மூடியது. எருமை நின்ற இடத்திலேயே கழுத்தளவு நனைந்தது. "இனிமே கல்லை எங்கேன்னு தேடுறது? எருமை நிக்கிற எடந்தான் கல்லு" என்று ஆமை தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டது. பசித்த கொக்கு, எருமையைச் சுற்றிய ஈயையும் உண்ணியையும் கொத்தித் தின்றது. அவை கமிட்டி உறுப்பினர் இல்லையே.

அன்று முதல்தான் எருமை போகிற இடமெல்லாம் அதன் முதுகில் கொக்கு சவாரி போகிறது. எருமை தண்ணீருக்குள் இறங்கினால் லேசில் எழுந்து வருவதில்லை. மழைநாளில் தவளைகள் ஒன்றையொன்று பேசவிடாமல் கத்துகின்றனவே, அதெல்லாம் கூட்டத்தில் நடக்கும் விவாதம்தான். எப்போதாவது பசி பொறுக்காமல் கொக்கு தரையில் கால் வைக்கட்டும், அத்தனை தவளையும் தொபுக்கென்று தண்ணீருக்குள் பாய்ந்துவிடும். பின்னே, கூட்டம் முடிந்துவிட்டதே!